நாலரைக் கிலோ கொழுந்தும் ஓர் எழுத்தும்

தேயிலை ஆலைக்குள் நுழையும் பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். அதை வாட்டி, நசுக்கி, புளிக்கவைத்து, உலர்த்திச் சலித்தால் ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் தேறும். மழையையும் பறித்த பருவத்தையும் பொறுத்து இந்தக் கணக்கு சற்று முன்பின்னாக இருக்கும். கேரளத்தின் இடுக்கி மலைகளில், பீர்மேட்டிலும் வண்டிப்பெரியாரிலும் ஏலப்பாறையிலும் தோட்டத்து லயங்களில் குடியிருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெரிந்த இந்தச் செய்தியை ஒரு சமன்பாடாக எழுதிப் பார்க்கலாம். கொழுந்தின் எடை எத்தனை கிலோ என்பதைக் க என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து கிடைக்கும் தூள் எத்தனை கிலோ என்பதைத் த என்று வைத்துக்கொள்வோம். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். அடுத்த பத்திக்குப் போகும் முன் கையிலிருக்கும் தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

4½க = த என்று எழுதியிருந்தால், அதில் ஓர் எண்ணைப் போட்டுச் சோதியுங்கள். க 90 என்றால் த 405 ஆகிறது. தொண்ணூறு கிலோ கொழுந்தைக் கொட்டினால் நானூற்றைந்து கிலோ தூள் வரும் ஆலை! அப்படி ஒன்று இருந்தால் அதன் முதலாளி மலையையே விலைக்கு வாங்கியிருப்பார். சரியான வரி க = 4½த. தூளின் எடையை நாலரையால் பெருக்கினால்தான் கொழுந்தின் எடை வரும். 90 கிலோவுக்கு 20 கிலோ.

தவறாக எழுதியவர்களுக்குத் துணை நிறைய உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளெமென்ட், தன் சகாக்களோடு 1981இல் வெளியிட்ட ஆய்வில் இதே வடிவிலான ஒரு கேள்வி வருகிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர் என்ற வீதம், மாணவர் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்து, பேராசிரியர் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்து, சமன்பாடு எழுதுக. கேட்கப்பட்டவர்கள் முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் 150 பேர், கால்குலஸ் படிக்கும் தகுதி பெற்றவர்கள். அவர்களில் 37 விழுக்காட்டினர் தவறாக எழுதினார்கள். தவறியவர்களில் பெரும்பாலோர் செய்த தவறும் ஒன்றுதான்: ஆறை மாணவர் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். நாம் நாலரையைக் கொழுந்தின் பக்கத்தில் வைத்ததுபோல.

ஏன் கை அந்தப் பக்கமே போகிறது? 4½க என்று எழுதும்போது நம் மனம் அதை ‘நாலரைக் கிலோ கொழுந்து’ என்று வாசிக்கிறது. க என்பது கொழுந்தின் சுருக்கப் பெயராகிவிடுகிறது; எட்டு மீட்டரை 8 மீ என்று எழுதுகிறோமே, அந்த மீ போல. இயற்கணிதத்தில் எழுத்து எந்தப் பொருளுக்கும் சுருக்கமாக நிற்பதில்லை. அது ஓர் எண்ணின் இடத்தில் நிற்கிறது. க என்பது கொழுந்தில்லை, கூடையில்லை, அதன் எடையைச் சொல்லும் எண். இந்த வித்தியாசம் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். பள்ளிக் கணக்கில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இந்தத் தடுமாற்றத்துக்கு வகுப்பறையும் கொஞ்சம் உதவுகிறது. 3ஆ + 2மா என்பதை ‘மூன்று ஆப்பிள், இரண்டு மாம்பழம்’ என்று சொல்லித்தரும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. கூட்டலில் இது தப்பித்துவிடும். மூன்று ஆப்பிளோடு இன்னும் நாலு ஆப்பிள் சேர்ந்தால் ஏழு ஆப்பிள், குற்றமில்லை. அடுத்த மாதம் பெருக்கல் வரும். ஆப்பிளை மாம்பழத்தால் பெருக்கினால் என்ன கிடைக்கும்? அந்தக் கேள்விக்குப் பழக்கடையில் பதில் கிடையாது. மூன்று ஆப்பிள் விலையும் இரண்டு மாம்பழ விலையும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான்.

இங்கிலாந்தில் 1970களின் பிற்பகுதியில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், டீட்மர் குக்கமன் என்பவர் 13 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் எழுத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார். சிலர் எழுத்தைக் கண்டதும் அதற்கு ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் அதைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு அது ஒரு பொருள். அதை ‘நமக்கு இன்னும் தெரியாத ஓர் எண்’ என்று கொள்ளும் பிள்ளைகள் குறைவு. ‘எந்த எண்ணாகவும் இருக்கலாம்’ என்று கொள்பவர்கள் இன்னும் குறைவு. அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றை நம் எழுத்துகளில் சொல்கிறேன்: க + ம + ந = க + ப + ந என்பது எப்போது உண்மை? எப்போதுமா, எப்போதுமே இல்லையா, சில வேளைகளிலா? பலர் ‘எப்போதுமே இல்லை’ என்றார்கள். வேறு எழுத்து என்றால் வேறு எண்ணாகத்தானே இருக்க வேண்டும் என்பது அவர்கள் நினைப்பு. ஆனால் ம, ப இரண்டும் 5 ஆக இருப்பதை யார் தடுத்தார்கள்? வீட்டில் ராசாத்தியாகவும் பள்ளிப் பதிவேட்டில் முத்துலட்சுமியாகவும் இருப்பவள் ஒரே பெண்தானே.

எழுத்துக்கு இந்த வேலையை முதன்முதலில் யார் கொடுத்தார்கள் என்று தேடினால் பாதிக் கதை நம் பக்கத்தில் இருக்கிறது. 499இல் எழுதிய ஆரியபடர், தெரியாத எண்ணுக்குக் ‘குளிகா’ என்று பெயர் வைத்தார். சிறு உருண்டை என்று பொருள். இருவர் சம செல்வர்கள்; ஒவ்வொருவரிடமும் சில குளிகைகளும் கொஞ்சம் ரொக்கமும் இருக்கின்றன; ரொக்கங்களின் வித்தியாசத்தைக் குளிகை எண்ணிக்கைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு குளிகையின் மதிப்பு கிடைக்கும் என்று அவர் விதி சொன்னார். 628இல் பிரம்மகுப்தர் ‘பிராம்மஸ்புட சித்தாந்த’த்தில் தெரியாத எண்கள் பலவாக வரும்போது அவற்றுக்கு நிறங்களின் பெயர்களைச் சூட்டினார். இந்த வழக்கில் முதல் எண்ணுக்கு ‘யாவத்தாவத்’, அதாவது எவ்வளவோ அவ்வளவு. அதற்குப் பிறகு வந்தவை கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. பின்னால் வந்தவர்கள் அந்தச் சொற்களின் முதல் அசையை மட்டும் எடுத்து யா, கா, நீ, பீ, லோ என்று எழுதினார்கள். வடமேற்கில், இன்றைய பாகிஸ்தானின் பக்ஷாலி கிராமத்தில் 1881இல் கிடைத்த பூர்ஜமரப்பட்டைச் சுவடியில் நிறமும் இல்லை, அசையும் இல்லை. தெரியாத எண் வர வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். அது வெற்றிடத்தைக் குறிக்கும் அதே புள்ளி.

இந்த முறை எவ்வளவு கச்சிதமானது என்று பார்க்க, இரண்டாம் பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய ‘பீஜகணித’த்திலிருந்து ஒரு கணக்கு போதும். பாஸ்கரர் தன் ஊரைச் சஹ்ய மலையை, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையை, ஒட்டியது என்று தானே எழுதிவைத்தவர். பீர்மேடும் அதே மலைத்தொடர்தான், வெகு தெற்கே. கணக்கு இது: ஒருவனிடம் ஆறு குதிரைகளும் 300 ரூபம் ரொக்கமும் இருக்கின்றன. இன்னொருவனிடம் பத்துக் குதிரைகள், ஆனால் 100 ரூபம் கடன். இருவர் செல்வமும் சமம். குதிரைகள் எல்லாம் ஒரே விலை என்றால் ஒன்றின் விலை என்ன?

அவர் முறையில் இது இரண்டு வரி:

யா 6 ரூ 300
யா 10 ரூ 100

இரண்டாவது 100இன் தலையில் ஒரு புள்ளி இருக்கும். கடன் என்பதற்கு அடையாளம். சமக் குறி கிடையாது. ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாலே இரண்டும் சமம் என்று பொருள். மேலே ஆறு யா, கீழே பத்து யா. மேலதைக் கீழதிலிருந்து கழித்தால் நாலு யா. ரொக்கத்தில் 300க்கும் 100 கடனுக்கும் உள்ள தூரம் 400. நாலு குதிரைக்கு 400 என்றால் ஒன்றுக்கு 100. ஆரியபடர் பாஸ்கரருக்கு அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு சொன்ன விதிதான், குளிகைக்குப் பதில் குதிரை.

இதில் வியப்பதற்கு ஒன்று இருக்கிறது. குதிரையின் விலை நமக்குத் தெரியாது. தெரியாமலேயே ஆறு குதிரை விலையோடு 300ஐக் கூட்டினோம், பத்திலிருந்து ஆறைக் கழித்தோம், மிச்சம் நாலு என்று தீர்ப்பும் சொன்னோம். விலை என்ன என்ற கேள்வியைக் கடைசி வரிவரை யாரும் கேட்கவில்லை. சாதாரணக் கணக்கில் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு ஒவ்வொரு படியாக ஏறுகிறோம். இங்கே தெரியாத ஒன்றைத் தெரிந்தாற்போல் கூப்பிட்டு வரிசையில் உட்காரவைத்துவிட்டு, மற்ற எண்களோடு சேர்த்து அதையும் கையாள்கிறோம். பதினோரு, பன்னிரண்டு வயதில் நாம் எல்லோரும் கற்றுக்கொண்டது என்பதால் இதன் துணிச்சல் கண்ணுக்குப் படுவதில்லை.

சரி, தமிழில் எழுத்துக்கு இந்த வேலை ஏன் கிடைக்கவில்லை? எழுத்துக்கு ஏற்கெனவே வேறு வேலை இருந்தது. பழைய தமிழ் எண் வரிவடிவத்தில் க என்பது 1, உ என்பது 2, ச என்பது 4, எ என்பது 7, அ என்பது 8, ய என்பது 10. கால் என்ற பின்னத்தின் வடிவம் வ. ‘எட்டேகால் லட்சணம்’ என்று யாரையாவது திட்டினால் அ, வ இரண்டும் சேர்ந்து அவலட்சணம் என்பது கேட்டவருக்கு உடனே உறைத்தது இதனால்தான். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் கொழுந்தின் எடையைக் க என்று வைத்தோமே, இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கணக்குப்பிள்ளையிடம் அந்த வரியைக் காட்டினால் ஒன்று என்று வாசித்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று சுவடியைக் கட்டிவைத்திருப்பார்.

மலைக்கு மேற்கே இதைவிட விரிவான ஓர் ஏற்பாடு இருந்தது. கேரளத்தில் வேரூன்றிய கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்க்கும் ஓர் இலக்கம் உண்டு. க, ட, ப, ய நான்கும் 1. அங்கிருந்து வரிசையாக ஏறும். எண்களைச் சொல்லாக்கி, சொல்லைச் செய்யுளாக்கி மனப்பாடம் செய்துகொள்ள இது வசதி. சங்கமகிராமத்து மாதவர் கண்ட சைன் அட்டவணை இப்படித்தான் செய்யுளாக வந்தது. மேல்பத்தூர் நாராயண பட்டதிரி தன் ‘நாராயணீய’த்தின் கடைசிச் சொற்களுக்குள் அதை முடித்த கலிநாளையே (கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள்) ஒளித்துவைத்தார், கணக்கிட்டால் 1586ஆம் ஆண்டு வருகிறது. கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது வேறு வழியில் பழக்கம்: தீரசங்கராபரணம் என்ற பெயரின் முதல் இரண்டு அசைகளுக்கு 9, 2, திருப்பிப் படித்தால் 29, அதுதான் மேளகர்த்தா வரிசையில் அந்த ராகத்தின் எண். மாயாமாளவகௌளைக்கு 15.

ஆக, இந்த மண்ணில் எழுத்து எண்ணாக நிற்பது புதிதே இல்லை. ஆனால் அப்படி நின்ற எழுத்துகள் எல்லாம் தெரிந்த எண்கள். கடபயாதியில் க என்றைக்கும் 1தான். யாவத்தாவத்தின் யா அப்படியல்ல. இந்தக் கணக்கில் 100, அடுத்த கணக்கில் 17, அதற்கடுத்ததில் வேறு.

எழுத்து இல்லாததால் சிந்தனை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாதவரின் முடிவிலித் தொடர்களுக்கு நிரூபணம் தரும் ‘யுக்திபாஷா’வை ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் மலையாள உரைநடையில் எழுதினார். வட்டத்தின் சுற்றளவுக்கு விட்டத்தோடு உள்ள உறவைத் தொடராக விரிக்கும் அந்த வாதங்கள் முழுக்கச் சொற்களில் நடக்கின்றன. இன்று அரைப்பக்கக் குறியீட்டில் அடங்கும் விஷயத்தை அவர் பக்கம் பக்கமாகப் பேசிச் சாதிக்கிறார். படிப்பது கடினம். ஆனால் ஓட்டை இல்லை.

தமிழில் இதன் எளிய வடிவம் காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’. அதில் எனக்குப் பிடித்தது பலாப்பழக் கணக்கு. பழத்தைப் பிளக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று அறிய வேண்டுமா? காம்பை ஒட்டியுள்ள சிறு முட்களை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு. நூறு முள் என்றால் நூற்றிருபது சுளை. பலாமரங்கள் இந்தச் செய்யுளைப் படித்துவிட்டுத்தான் காய்க்கின்றனவா என்பதை இடுக்கிப் பக்கத்துக்காரர்கள் சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும், அங்கே பழத்துக்குப் பஞ்சமில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வாக்கியத்தின் அமைப்பு. ‘முள் எத்தனையோ அத்தனை’ என்பது எந்த ஒரு பழத்தையும் பற்றியதில்லை, எல்லாப் பழங்களையும் பற்றியது. இதுவும் ஒரு சூத்திரம்தான். எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் ‘முள்’ என்ற சொல் நிற்கிறது.

ஆனால் சொல்லில் நிற்கும் சூத்திரத்தைப் பின்பற்றலாம், பிரித்து மாட்டுவது கஷ்டம். சுளையிலிருந்து முள்ளுக்குத் திரும்ப வேண்டுமென்றால் இன்னொரு செய்யுள் எழுத வேண்டும். எழுத்தில் இருந்தால் இரண்டு பக்கத்தையும் ஐந்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் முடிந்தது.

இதற்கான அடுத்த அடியை எடுத்துவைத்தவர் ஒரு வக்கீல். பிரான்சுவா வியேத் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றியின் அவையில் இருந்தவர், எதிரி ஸ்பெயினின் ரகசியக் கடிதங்களை உடைத்துப் படித்தவர். 1591இல் வெளியிட்ட சிறு நூலில் அவர் தெரியாத எண்களுக்கு மட்டுமில்லாமல் தெரிந்த எண்களுக்கும் எழுத்து கொடுத்தார். தெரியாதவற்றுக்கு உயிரெழுத்து, தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்து. தெரிந்த எண்ணை எதற்கு மறைக்க வேண்டும்? 300 என்றால் 300 என்று எழுதிவிட்டுப் போகலாமே?

பாஸ்கரரின் குதிரைக் கணக்கையே எடுத்து வியேத் போலச் செய்து பார்க்கலாம். முதலாமவனிடம் ச குதிரை, ப ரூபம். இரண்டாமவனிடம் ட குதிரை, ந ரூபம் கடன். குதிரை விலை அ. அப்படியானால் அ = (ப + ந) ÷ (ட − ச). இதில் 300, 100, 10, 6 போட்டால் 100 வரும். வேறு எண்கள் போட்டால் வேறு விலை. ஒரு கணக்கைப் போட்டபோதே அந்த இனத்துக் கணக்குகள் அத்தனையும் தீர்ந்துவிட்டன. கூடவே இன்னொன்றும் தெரிகிறது. இருவரிடமும் ஒரே எண்ணிக்கைக் குதிரைகள் என்றால் கீழே பூஜ்யம் வருகிறது, வகுக்க முடியாது. யோசித்தால் நியாயம்தான், குதிரைகள் சமமாக இருந்து ஒருவனிடம் ரொக்கமும் இன்னொருவனிடம் கடனும் இருந்தால் எந்த விலை வைத்தாலும் செல்வம் சமமாகாது. 300, 100 என்று எண்களாகவே போட்டிருந்தால் இந்த ஓட்டை கண்ணில் பட்டிருக்காது. எண்கள் கணக்குக்குள் கரைந்துவிடும். எழுத்துகள் கரையாமல் கடைசிவரை இருந்து, விடையில் எது எங்கிருந்து வந்தது என்று காட்டும்.

எக்ஸ், ஒய், இசட் தெரியாதவற்றுக்கும், அகரவரிசையின் முதல் எழுத்துகள் தெரிந்தவற்றுக்கும் என்ற இன்றைய வழக்கம் ரெனே தெகார்த் 1637இல் எழுதிய வடிவியல் நூலிலிருந்து வருகிறது. எக்ஸ் அரபுச் சொல்லிலிருந்து வந்தது, அச்சகத்தில் அந்த எழுத்து மட்டும் மிச்சமிருந்தது என்றெல்லாம் சுவையான கதைகள் உலவுகின்றன. எதற்கும் உறுதியான சான்று கிடையாது. பீர்மேடு வட்டாரத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் கேரள அரசின் தமிழ்ப் பாடநூலைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த எக்ஸ், ஒய்தான். பாடம் தமிழில், மாறி மட்டும் தெகார்த்திடமிருந்து.

தெரிந்த எண்ணுக்கு எழுத்து வைப்பதால் கிடைக்கும் லாபத்தைத் தேயிலைத் தோட்டத்துக் கூலியில் பார்ப்பது போல வேறெங்கும் பார்க்க முடியாது. நாளுக்கு ஒரு நிலையான கூலி. அதற்கு இத்தனை கிலோ கொழுந்து பறித்தாக வேண்டும். அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. நிலையான கூலியைக் கூ, பறித்தாக வேண்டிய எடையை அ, மிகைக் கிலோவுக்கான விகிதத்தை வி, அன்று பறித்த கொழுந்தைக் க என்று வைத்தால்:

நாள் ஊதியம் = கூ + வி × (க − அ)

உண்மையில் விகிதம் எடைக்கு ஏற்பப் படிப்படியாக மாறும். இங்கே எளிமைக்காக ஒரே விகிதம். இந்த நாலு எழுத்திலும் க மட்டும்தான் பறிப்பவரின் கையில் இருக்கிறது. மற்ற மூன்றும் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் அரசும் பேசி முடிவு செய்வது. பறிப்பவருக்கு அவை ‘தெரிந்த’ எண்கள். பேச்சுவார்த்தை மேசையில் உட்காருகிறவர்களுக்கோ அவைதான் தெரியாத எண்கள். எந்த எழுத்து தெரிந்தது, எது தெரியாதது என்பது யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத் தொழிலாளப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், சங்கத் தலைவர்களை ஓரங்கட்டிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் நாடறிந்த போராட்டம் அது. போனஸில் தொடங்கிக் கூலிக்கு வந்தது. 500 ரூபாய் கேட்டார்கள். அடுத்த மாதம் கேரளம் முழுவதற்குமாக முடிவான தேயிலைக் கூலி 301 ரூபாய், அதுவரை 232. ஆனால் அதோடு பறித்தாக வேண்டிய எடையும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது. பீர்மேட்டுத் தோட்டங்களுக்கும் இதேதான்.

இதில் ஒருவருக்கு உண்மையில் எவ்வளவு கூடியது? ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்துக்கொண்டார்களா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு எடை பறிக்கிறார்கள். மழைக்காலம் வேறு, கோடை வேறு. எண்ணாகப் போட்டுப் பார்த்தால் ஆளுக்கொரு கணக்கு போட வேண்டியிருக்கும். எழுத்தில் போட்டால்:

முன்பு: 232 + வி × (க − 21)
பின்பு: 301 + வி × (க − 25)

கீழதிலிருந்து மேலதைக் கழிக்கலாம். 69 − 4வி.

க காணாமல் போய்விட்டது! இருபத்தைந்து கிலோவுக்கு மேல் பறிப்பவர் யாராக இருந்தாலும், 30 கிலோவோ 60 கிலோவோ, விகிதம் மாறாதவரை அவருக்குக் கிடைத்த உயர்வு ஒன்றே. வி ஒரு ரூபாய் என்று வைத்துச் சோதிக்கலாம். 30 கிலோ பறிப்பவருக்கு 241 ரூபாய் 306 ஆகிறது; 60 கிலோ பறிப்பவருக்கு 271 ரூபாய் 336 ஆகிறது. இருவருக்கும் 65. எடை கூடியதால் இழந்தது நாலு ரூபாய்தான். உயர்வு முழுவதும் கரைந்துபோக வி 17 ரூபாய் 25 காசாக இருந்திருக்க வேண்டும்; மிகைக் கிலோவுக்கு அவ்வளவு யாரும் கொடுப்பதில்லை. கேட்டது 500 என்பதையும் கிடைத்தது 301 என்பதையும் இந்தக் கழித்தல் நியாயப்படுத்தாது. ஆனால் எடையை ஏற்றியதால் கூலி உயர்வு எவ்வளவு அரிக்கப்பட்டது என்ற ஒரு கேள்விக்கு ஒரு வரியில், எல்லோருக்குமாக, பதில் கிடைத்துவிடுகிறது.

அதே சூத்திரத்தில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. அட்டை கடிக்கும் அடைமழையில் ஒருவர் 20 கிலோதான் பறித்தார் என்று வையுங்கள். க − அ என்பது −5. எழுத்து கூச்சமில்லாமல் கூலியிலிருந்து கழிக்கும். ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறதா, அல்லது குறைந்தாலும் கூலியில் கை வைக்கக் கூடாது என்கிறதா? சூத்திரம் தானாக இதைத் தீர்க்காது. ‘க, அ-வுக்குக் குறையாமல் இருக்கும்போது மட்டும்’ என்று ஒரு நிபந்தனையை நாம்தான் எழுத வேண்டும். நிபந்தனை எங்கே தேவைப்படுகிறது என்று காட்டிக்கொடுப்பது அந்தக் கழித்தல் குறி.

எழுத்து வைக்க வேண்டிய இடத்தில் எண்ணை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தத் தாலுகாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முல்லைப் பெரியாறு அணை நிற்பது பீர்மேடு தாலுகாவில். அதற்காக 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருக்கும் சென்னை அரசுக்கும் குத்தகை கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், மொத்தம் 40,000 ரூபாய். காலம் 999 ஆண்டுகள். அதாவது 2885 வரை. வாடகை என்பது ஏக்கர் பெருக்கல் விகிதம். இரண்டும் எழுத்தாக இருந்திருக்கலாம். இரண்டையும் எண்ணாக அடித்து, பத்து நூற்றாண்டுக்கு ஆணி அடித்து வைத்தார்கள். விலைவாசி என்ற ஒரு மாறி இருக்கிறது என்பது அந்தப் பத்திரத்தில் எங்கும் இல்லை. 84 ஆண்டுகள் கழித்து, 1970இல் கேரளமும் தமிழ்நாடும் மறுபடி உட்கார்ந்தபோது 5 என்பது 30 ஆயிற்று. கூடவே அணைத் தண்ணீரைக் கொண்டு லோயர் கேம்பில் எடுக்கும் மின்சாரத்துக்கு அளவைப் பொறுத்து ஒரு தொகை சேர்ந்தது. நிலத்துக்கான தொகை மாறிலியாக நிற்க, மின்சாரத்தின் அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும் எழுத்தாக வாடகைக்குள் முதன்முறையாக நுழைந்தது.

இப்படி மாறிக்கொண்டே இருக்கும் எண் எழுத்துக்குக் கிடைத்த இன்னொரு வேலை. குதிரை விலை ஒளிந்திருந்த எண். கண்டுபிடித்தவுடன் கதை முடிந்தது. பலாப்பழத்தின் முள் எந்த எண்ணாகவும் இருக்கலாம். அணையின் நீர்மட்டமோ இன்று ஒன்று, நாளை ஒன்று. பீர்மேட்டில் மழை பெய்தால் ஏறும், தேனிக்குத் தண்ணீர் திறந்தால் இறங்கும். நாளிதழ்கள் அதை நாள்தோறும் அச்சிடுகின்றன. அடியில் அளக்கும் அந்த மட்டத்தை ம என்போம். அதைக் கண்டுபிடித்து முடித்துவிட முடியாது. எல்லை மட்டும் கட்டலாம். எனவே சமக் குறி போய், ‘இதற்கு மேல் போகக் கூடாது’ என்ற குறி வருகிறது.

அணை 1895இல் திறந்தபோது ம ≤ 152. அணையின் உறுதி பற்றிய அச்சத்தால் 1979இல் ம ≤ 136. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தந்த தீர்ப்புக்குப் பின் ம ≤ 142. மூன்றிலும் எழுத்து ஒன்றேதான்; இரு மாநிலங்களும் இத்தனை காலம் வழக்காடியது அதற்கு எதிரே நிற்கும் எண்ணுக்காக. அதே ஆண்டு நவம்பர் மழையில், 35 ஆண்டுகளில் முதன்முறையாக, ம = 142 ஆனது.